செட்டிநாட்டில் ஒரு கிங்காங்: நாலு நாள் குறிப்பு

முதல் நாள், வியாழன் இரவு

பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கூட வர வேண்டிய நண்பன் எழும்பூரில் நான் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் செய்து, மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றான். அவன் மாமனாருக்கு எப்போதும் என் பயணத்தின்போதுதான் உடம்பு சரியில்லாமல் போகும். சரி, தனியாகவே நாலு நாள்.

தங்கிய லாட்ஜில் வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரைதானாம். வேறு சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரே ஒரு கட்டளை: பழைய சாமான் எதையும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது. போன தடவை வாங்கிய பித்தளை எச்சில் பணிக்கம் இன்னும் பால்கனியில் கிடக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். 1941ல் கட்டியது. எண்ண ஆரம்பித்து முப்பதில் விட்டுவிட்டேன், வெயில்.

அப்புறம் முனீஸ்வரன் கோவில் தெரு. கட்டளையை மீறத்தான் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், சும்மா பார்க்கத்தான் போனேன். இந்தத் தெருவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: செட்டிநாட்டில் இடிக்கப்படும் வீடுகளின் உள்ளுறுப்புகள் எல்லாம் வந்து சேரும் இடம் இது. பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்கள், அவள் பேரனின் நடைவண்டி. பங்காளிகள் பத்து இருபது பேருக்குப் பொதுவான வீடு, பராமரிக்க யாரும் இல்லை, கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு விற்றுவிடுகிறார்கள், கதவு தனியாக, நிலை தனியாக.

ஒரு கடையில் படங்களை அடுக்கி வைத்திருந்த மூலையில் முருகனுக்கும் ஐந்தாம் ஜார்ஜுக்கும் நடுவே ஓர் ஆள் முறைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளை போட்டோ, கண்ணாடியில் கீறல். முகம் நிறையத் தாடி, கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது, நெல் மூட்டை போட்ட மாதிரி வயிறு, இடுப்பில் ஒரு ஜட்டி மட்டும்.

"இது யாருங்க?" என்றேன்.

"சாமியாரு சார். பர்மா சாமியார். எண்ணூறு ரூவா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கிங்காங். குரங்குப் படத்துக் கிங்காங் இல்லை, குஸ்திக் கிங்காங். எமில் சாயா என்று பெயர், ஹங்கேரியில் 1909ல் பிறந்தவர், எடை 180 கிலோவுக்கு மேல். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தியாவிலும் சிலோனிலும் மலேயாவிலும் ஊர் ஊராகப் போய் மோதியவர். அடிக்கடி பஞ்சாபிப் பயில்வான் தாராசிங்கோடு.

இந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி இருந்தார்கள். நான் தம்பியை அடித்தால் அப்பா "பெரிய தாராசிங்னு நெனப்பு" என்பார். குண்டாக இருந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிங்காங் என்றே பெயர். அந்த இரண்டு பெயரும் மனிதர்களுடையவை என்று எனக்குத் தெரிந்ததே பத்தாம் வகுப்பில்தான். அதற்குள் நாங்கள் டிவியில் வந்த அமெரிக்கக் குஸ்திக்காரர் அண்டர்டேக்கருக்கு மாறியிருந்தோம். டபிள்யூ டபிள்யூ எஃப் கார்டு விளையாடாத தொண்ணூறுகளின் பையன் யாராவது உண்டா?

என் தப்பு என்னவென்றால், சிரித்ததோடு நிறுத்தாமல் கடைக்காரரிடம் இவர் யார் என்று பத்து நிமிடம் விளக்கிவிட்டேன். இதன் விளைவு நாலாம் நாளில் வரும்.

படம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டதற்கு ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். படத்தை வாங்கவில்லை. செல்லில் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், சனி

கார் பேசிக்கொண்டு கிளம்பினேன். கானாடுகாத்தானில் அரண்மனை வாசலில் ஒரு போட்டோ. ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் செய்வதைப் பார்த்தேன், கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, பித்தளை அச்சுக்குள் ஒவ்வொரு வண்ணத்தையும் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் தூவி அழுத்தி எடுக்கிறார்கள். கண்ணாடியில் பட்ட பக்கம்தான் அந்த வழவழப்பு. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கடந்து போகிறேன்.

கடைக்காரர் சொன்ன ஊருக்குப் போனபோது பதினொரு மணி. (ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று அந்த வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.) படம் இருந்த வீடு இப்போது வெறும் மனை, சுற்றுச்சுவரும் கிணறும் மட்டும் மிச்சம். எதிர்த் திண்ணையில் இருந்த ஒருவரிடம் செல்லைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "மூணாவது வீட்டுல பெரியவுக இருக்காக, அவுகளைக் கேளுங்க, அந்தக் காலத்துல சிங்கப்பூர்ல இருந்தவுக" என்றார்.

பெரியவருக்கு 89 வயது. முகப்பில் சாய்வு நாற்காலி, காதில் மெஷின், மடியில் செய்தித்தாள். செல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அரை நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

"அட கிங்காங்கு," என்றார். "உக்காருங்க தம்பி. காபி சாப்பிடுவீகளா?"

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை.

1952ல் பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியிருக்கிறார். கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று இங்கே சொல்வார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி. நீளமான ஒரே கூடம், வரிசையாக ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் பாய், பகலில் அதுதான் ஆபீஸ், ராத்திரி அதுதான் படுக்கை. இவர் பெட்டியடிப் பையன். கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, கடிதம் கொண்டுபோவது, நடுவில் பேரேடு எழுதக் கற்றுக்கொள்வது. மூன்று வருடம் ஒரு கணக்கு. அது முடியாமல் ஊர் திரும்ப முடியாது. இவர் இரண்டு கணக்கு இருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதோறும் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குப் போக வேண்டும். நகரத்தார் 1859ல் கட்டிய கோவில் அது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கிரேட் வோர்ல்டு. சிங்கப்பூரில் அப்போது கேளிக்கைப் பூங்காக்கள் மூன்று இருந்தன, கிரேட் வோர்ல்டு, நியூ வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என்று. சினிமா, சீன நாடகம், டான்ஸ், சாப்பாட்டுக் கடை, நடுவே குஸ்தி மேடை.

"சாமி கும்பிட்டுட்டு அப்படியே நேரா அங்கிட்டுப் போயிருவோம். ஒரு வெள்ளி டிக்கெட்டு, பின்னாடி பெஞ்சு. கையில ஏது காசு? சம்பளம் பூரா கணக்குலதான் ஏறும். கைச்செலவுப் புத்தகத்துல அர்ச்சனைன்னு எழுதிட்டேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாசக் கடைசியில ஐந்தொகை போடும்போது அடுத்தாள், அதான் எங்களுக்கு மேல இருந்தவுக, கூப்பிட்டு விட்டாக. முருகனுக்கு வாரத்துக்கு ரெண்டு அர்ச்சனையா உனக்குன்னு கேட்டாக. நெசத்தைச் சொல்லிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவுகளும் கூட வந்தாக."

தாராசிங் குஸ்தி பழகியதும் அதே கிரேட் வோர்ல்டில்தான். இது பெரியவருக்கும் தெரிந்திருந்தது. அமிர்தசரஸ் பக்கம் தர்மூசக் என்ற கிராமத்தில் 1928ல் பிறந்த விவசாயி வீட்டுப் பையன், நாற்பதுகளின் கடைசியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்து டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். ஆறடி இரண்டு அங்குல உயரத்தைப் பார்த்தவர்கள், ஆலையில் எதற்கு நிற்கிறாய் என்று தள்ளிவிட, ஹர்னாம் சிங்கிடம் போய்ச் சேர்ந்தார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலேயா சாம்பியன் ஆனார். ஆக, ஊரில் மண் குழியில் பழகிய மல்யுத்தத்தை டிக்கெட் போட்டு விற்க முடியும் என்று அவருக்குத் தெரிந்ததும் நம் ஆட்கள் வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஊரில்தான். அவரும் நம் ஆட்களும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்திருக்கலாம், யார் கண்டது.

"அவங்க ரெண்டு பேரும் மோதினதை நீங்க பாத்தீங்களா ஐயா?"

"ரெண்டு தடவை."

"தாராசிங் கிங்காங்கைத் தலைக்கு மேல தூக்கிச் சுத்தி வெளிய வீசுவார்னு எங்க அப்பா சொல்வாங்க."

"எல்லாரும்தான் சொல்வாக." நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். "தம்பி, நீங்க ஒரு அரிசி மூட்டையைத் தூக்கியிருக்கீகளா? மூட்டை எழுபத்தஞ்சு கிலோ. அது செத்த கனம். சும்மா கெடக்கும், நம்ம இடுப்பு போயிரும். அவன் ரெண்டரை மூட்டை. தாராசிங் பெரிய பயில்வான்தான், இல்லங்கல. ஆனா ரெண்டரை மூட்டையை ஒருத்தன் தூக்கணும்னா அந்த மூட்டையும் கொஞ்சம் எந்திரிக்கணும்ல?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. தூக்கும்போது கிங்காங் சரியான நேரத்தில் காலை உந்தியிருக்க வேண்டும்.

"அப்ப அது பொய்ங்கறீங்களா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? விழுந்தது அவன்தானே?"

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். காசுக்கு நடக்கும் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்பே பேசி முடிவானது. அதற்காக உடம்பு வலிக்காது என்று அர்த்தமில்லை. பலகைமேல் துணி விரித்த மேடை அது. முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படுகிற மாதிரி விழ வேண்டும், தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை அடிபடும், கழுத்து போய்விடும். எதிராளியைக் கீழே போடுகிறவன் தன் உடம்பை விட அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை வாரத்துக்கு மூன்று நாலு ராத்திரி, ஊர் மாற்றி ஊர், வருடக் கணக்கில். தாராசிங் நிஜக் குஸ்தியும் அறிந்தவர், 1954ல் ருஸ்தம் ஏ ஹிந்த், அதாவது இந்தியாவின் சாம்பியன் என்ற பட்டம் வாங்கியவர். அந்தப் பெயர் இருந்ததால்தான் மற்றதும் எடுபட்டது.

இந்த ரகசியத்தை அமெரிக்காவில் நெடுங்காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1989ல் நியூ ஜெர்சி மாநில அரசிடம் டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனியே வந்து, நாங்கள் நடத்துவது போட்டி இல்லை, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் குறையும் என்பதுதான் காரணம். இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"வரிக்காகவா உண்மையைச் சொன்னான்?" ரொம்ப நேரம் சிரித்தார். "கெட்டிக்காரன். நாங்க எல்லாரும் வரிக்காக வேற மாதிரி."

உள்ளேயிருந்து ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன பேச்சு என்று கேட்டார்கள். தாராசிங் என்றதும், "யாரு, அந்த அனுமாரா?" என்றார்கள்.

அது அவர்கள் பக்கத்துக் கதை. 1987ல் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ராமாயணம். ஊரிலேயே மூன்று வீட்டில்தான் டிவி. இந்த வீட்டு வளவில் ஊரே வந்து உட்காருமாம். ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. தெரிந்த கதைதானே! அனுமார் வந்தால் ஆச்சி டிவிக்குச் சூடம் காட்டுவார்களாம். கடலைத் தாண்டும் அன்றைக்குப் பெரியவர் பின்னாலிருந்து, "இவனை நான் சிங்கப்பூர்ல ஜட்டியோட பாத்திருக்கேன்" என்று சொல்ல, ஆச்சி ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

"அப்படிப் பேசுவாகளா பின்ன, சாமியை!" என்றார்கள் ஆச்சி, இப்போதும் கொஞ்சம் கோபத்தோடு.

கிளம்பும்போது சுவரைத் தடவிப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிப் பூச்சு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது, நூறு வருடம் ஆகியும் குளுகுளுவென்று இருந்தது.

"கிங்காங்கு ஒரு வேளைக்கு முப்பது முட்டை திம்பான்னு சிங்கப்பூர்ல பேசிக்குவாக," என்றார் பெரியவர். "எங்க அப்பச்சிகிட்டச் சொன்னேன். நம்ம சுவரு அதுக்கு மேல தின்னுருக்கேடான்னாக."

நாலாம் நாள், ஞாயிறு

காலையில் பிள்ளையார்பட்டி. கூட்டம். கற்பக விநாயகரை எட்டிப் பார்த்த நேரத்தை விட வரிசையில் நின்ற நேரம் அதிகம். நிற்கும்போது நேற்றுப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாராசிங்கின் மீதிக் கதை நிறையப் பேருக்குத் தெரியும். 1959ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியன்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றார். அமெரிக்காவில் பலமுறை உலக சாம்பியனாக இருந்த தெஸ்ஸுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இதை நம் ஊர்ப் பெருமைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. நடுவே ஹிந்திப் படங்கள். 1962ல் வந்த ஒரு படத்துக்குப் பெயரே கிங்காங், கதாநாயகன் தாராசிங். எதிராளியின் பெயரைத் தன் படத்துக்கு வைக்கிற அளவுக்கு இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. 1983ல் டெல்லியில் கடைசிக் குஸ்தி. 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை. 2012 ஜூலை 12ல் மும்பையில் இறந்தபோது எல்லா சேனலிலும் அனுமார் பறந்தார்.

கிங்காங்குக்கு அனுமார் வேஷம் கிடைக்கவில்லை. வயதான பிறகும் மேடை ஏறிக்கொண்டிருந்தார், குஸ்திகளை ஏற்பாடு செய்துகொண்டும் இருந்தார். மலேசியாவில் ஒரு கார் விபத்தில் அடிபட்டு, 1970ல் சிங்கப்பூரில் இறந்துபோனார். அறுபது வயதை ஒட்டி. தூக்கி வீசப்படுவதற்காகவே ஊர் ஊராகப் போன மனிதர். மதுரையோ கொழும்போ ஈப்போவோ, மேடையில் அவர் ஏறியதும் கூட்டம் ஓவென்று கத்த வேண்டும், ஏச வேண்டும், செருப்பை எறிய வேண்டும், அப்போதுதான் எதிரே நிற்கிறவன் வீரன். எனக்கு என்னவோ இந்த ஆளை இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. சின்ன வயதில் கார்டு விளையாடும்போது தோற்கிற கார்டை யாரும் கையில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் நேற்று எழுத விட்டுப்போயிற்று. ஒருநாள் குஸ்தி முடிந்து இவர்கள் கிட்டங்கிக்குத் திரும்பும்போது, மேடையில் அன்றைக்கு மோதிக்கொண்ட இரண்டு பேர், பெரிய பெயர் இல்லாத ஆட்கள், ஒருவர் மற்றவரின் கழுத்தை நெரித்து ரத்தம் வரக் குத்தினாரே அவர்கள்தான், ஒரு புரோட்டாக் கடைப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். ஜெயித்தவர் தோற்றவருக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாராம். கூட வந்த பையன்கள் ஏமாந்துவிட்டோம் என்று கத்தினார்கள். இவருக்கு மட்டும் அன்றைக்குத்தான் குஸ்தி பிடித்துப் போயிற்று. ஏன் என்று கேட்டேன். "தெரியல தம்பி. ஊரை விட்டு வந்து கெடக்குற ஆளுக. எங்களை மாதிரித்தானே" என்றார்.

மதியம் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். படம் மூலையில் இல்லை. கடை வாசலில், கண்ணாடி துடைத்து, தனியாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?"

"நாலாயிரம் சார்."

"முந்தாநாள் எண்ணூறுன்னீங்களே?"

"முந்தாநாள் சாமியாரு சார். இன்னைக்கு கிங்காங்கு."

விளக்கம் சொன்னவனுக்கே விலை. அரை மணி நேரம் இழுத்து ஆயிரத்து எண்ணூறில் முடித்தேன். இதில் யார் யாரைத் தூக்கினார்கள் என்று இன்னும் தெரியவில்லை. எனக்காக இல்லை, பெரியவருக்குக் கொடுக்கலாம் என்றுதான். கார் பிடித்துக்கொண்டு திரும்ப அந்த ஊர். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஆச்சிதான் வெளியே வந்தார்கள். எழுப்ப வேண்டாம் என்றேன், அதற்குள் குரல் கேட்டு அவரே எழுந்து வந்துவிட்டார். படத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார், திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"எனக்கெதுக்கு? நான் ஆளையே பாத்தவன். நீங்க கொண்டு போங்க."

இரவு ரயில். எதிர் இருக்கையில் கிங்காங்கைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன், வேட்டி ஆச்சி கொடுத்தது. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பர்மா சாமியார் என்று சொல்லிப் பார்க்கலாம். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது ஆச்சி மெதுவாக என்னிடம் மட்டும் சொன்னார்கள்: "அந்த அனுமாரு படம் எங்கயாச்சும் கெடச்சா வாங்கியாங்க தம்பி. இவுககிட்டச் சொல்ல வேணாம்."